பத்துக் கிலோ நண்டும் பதினேழு கட்டுரைகளும்

காலை எட்டரை மணிக்கு முகாமைத்துவ பீடத்தின் இரண்டாம் மாடி விறாந்தையில் இருந்தவர்கள்: வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தின் சிரேஷ்ட விரிவுரையாளர் கலாநிதி உதயரூபன், கழுத்துப்பட்டியுடன். பீடாதிபதி யசோதினி, கவலையுடன். அலுவலக உதவியாளர் ஹலீம், கதவுத் திறப்புக் கோர்வையுடன். செட்டிபாளையத்து நண்டுத் தொழிலாளி அழகரத்தினம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுடன், சுவரோரக் கதிரையில்.

வராதது: பத்துக் கிலோ நண்டு.

"ஏழு மணிக்கே வந்திருக்க வேணுமே, உதயன்?" என்றார் பீடாதிபதி.

"வந்துரும் மேடம். மூண்டு இடத்தால ஓடர் குடுத்திருக்கன். ஒண்டு பிழைச்சா மற்றது வரும். அதுதானே என்ட மொடல்."

உதயரூபன் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பது இது மூன்றாவது தடவை. அவரோடு படித்தவர்கள் பேராசிரியர்களாகிவிட்டார்கள். அவரிடம் படித்தவர்களும் ஆகிவிட்டார்கள். அவர் மட்டும் நண்டோடு நின்றார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், குளிரூட்டிய வான் வண்டியில், பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை அவர் கள ஆய்வு செய்தார். நண்டு வாங்கி விற்கும் மூன்று வியாபாரிகளிடம் படிவம் கொடுத்து நிரப்பினார். திரும்பும் வழியில் வாவிக்கரையில் வானை நிறுத்தி, அழகரத்தினத்தின் தோணியில் ஒரு காலை வைத்து, அழகரத்தினத்தின் தோளில் ஒரு கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்த மனிதரிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. படிவம் தீர்ந்துபோயிருந்தது.

நண்டுக்குக் கால் பத்து. அந்த ஒன்றரை மணித்தியாலத்திலிருந்து உதயரூபன் எடுத்த கட்டுரைகள் பதினேழு. பதினேழிலும் அந்தப் படம் உண்டு. பதினேழும் சொல்வது ஒன்றுதான்: மட்டக்களப்பு வாவி நண்டு மூன்று சுயாதீன மூலங்களிலிருந்து சந்தைக்கு வருகிறது. மூன்றும் ஒரே நாளில் தவறுவது நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு தடவை மட்டுமே நடக்கக்கூடியது.

தெரிவுக்குழுத் தலைவர் பேராசிரியர் வினாயகமூர்த்தி கொழும்பிலிருந்து இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "உங்கள் மாதிரியைப் பகல் சாப்பாட்டில் ருசி பார்க்க விரும்புகிறோம். நேர்முகம் அதற்குப் பிறகு." வினாயகமூர்த்திக்கு நண்டு என்றால் உயிர் என்பது நாட்டிலுள்ள விரிவுரையாளர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சேர், நிப்பாட்டி வச்ச இந்தப் போனப் போடட்டா?" என்று கேட்டார் அழகரத்தினம். "ஆக்கள் தேடுவாங்க."

"வேணாம் அண்ணே. உள்ளுக்க மணி அடிச்சா மரியாதை இல்ல. நீங்க சும்மா இருங்க. கூப்பிட்டா மட்டும் வந்து, சேர்ர ஆய்வால எங்களுக்கு நல்ல பிரயோசனம் எண்டு சொல்லுங்க. அவ்வளவு காணும்."

விண்ணப்பத்தில் 'சமூகத்துக்கான பங்களிப்பு' என்ற பகுதிக்கு ஐந்து புள்ளிகள் இருந்தன. ஒரு தொழிலாளி நேரில் வந்து சாட்சி சொன்னால் ஐந்தும் கைக்கு வரும். முதல்நாள் பின்னேரம் உதயரூபனே செட்டிபாளையத்துக்குப் போய் அழகரத்தினத்திடம், குளித்து வெளிக்கிட்டு எட்டு மணிக்கு வரவேண்டும், மீன் மணம் மணக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அந்தக் கட்டடத்தில் தொலைபேசி வேலை செய்வது படிக்கட்டு முடக்கில் மட்டும்தான். உதயரூபன் அங்கே போய்க் காத்தான்குடி நளீருக்கு எடுத்தார். நளீர் ஐஸ் லொறியில் நண்டு ஏற்றுகிறவர். முதலாம் மூலம்.

"சேர், குறை நினைக்காதீங்க. நண்டு கிடைக்கல்ல."

"ஒண்டுமா?"

"ஒரு காலும் இல்ல சேர். சுபஹு தொழுதுட்டு வந்து கரையில நிண்ட. ஒரு தோணியும் வரல்ல."

உதயரூபன் சிரித்தார். உலகத்தில் இப்படியும் நடக்கும் என்பதற்காகத்தானே இரண்டாம் மூலம். சந்தையில் கடை வைத்திருக்கும் அஜந்தாவுக்கு எடுத்தார்.

"ஐஸ்தான் கிடக்கு சேர். மறுகா எடுத்துப் பாருங்க."

இப்போது அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் மூலம் மீனவர் சங்கம். அதன் முகாமையாளர் நிதுர்ஷன் அவரிடமே படித்தவன். வழங்கல் சங்கிலிப் பாடத்தில் இரண்டு தடவை சித்தியடையாதவன். என்றாலும் சங்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சேர், ஆத்துல இண்டைக்கு ஒரு அசுமாத்தமும் இல்ல, நண்டும் இல்ல," என்றான் நிதுர்ஷன். வாவிக்கு அந்த ஊரில் ஆறு என்றுதான் பேர்.

உதயரூபன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று யோசித்தார். பத்துக் கிலோ என்பது சின்ன ஓடர். சின்ன ஓடருக்கு வியாபாரி அசையமாட்டான் என்று அவருடைய ஏழாவது கட்டுரை சொல்கிறது. மூன்று பேருக்கும் திரும்ப எடுத்தார்.

"இருவது கிலோவா எடுக்கிறன். விலையப் பத்திக் கவலைப்படாதீங்க. பெரிய ஆக்கள் வாறாங்க."

பத்தே கால் மணிக்கு நிதுர்ஷன் தானாகவே எடுத்தான். குரலில் பதற்றம்.

"சேர், டவுனுக்கு யாரோ மந்திரி வாறாராம். மூணு பார்ட்டி நண்டு தேடுதாம். அறுவது கிலோவாம், இல்ல நூறாம். உங்களிட்ட எங்கயும் நண்டு கிடந்தாத் தாங்க. நாங்க நல்ல விலைக்கு எடுக்கிறம்."

உதயரூபன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நுகர்வோன் கேட்கும் பத்து, கைமாறிக் கைமாறி மேலே போகும்போது நூறாக வீங்கும். இதைத்தான் அவர் ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் 'சாட்டை விளைவு' என்று சாட்டை வரைந்து படிப்பிக்கிறார். சாட்டையின் பிடியில் இருக்கும் கை தன்னுடையது என்பது இப்போதுதான் தெரிந்தது.

உடனே இரண்டாவது தீர்வு கண்டார். பீடத்து வானை வாழைச்சேனைக்கு விரட்டினார். அங்கே கடல் நண்டாவது கிடைக்கும். வான் வளாக வாசலைத் தாண்டிய பிறகுதான் பீடாதிபதி ஓடி வந்தார்.

"உதயன், ஸ்டேசன்ல இருந்து அவங்களக் கூட்டி வாற வான் எங்க?"

அதே வான்தான்.

பதினொன்றரைக்குத் தெரிவுக்குழு வந்து சேர்ந்தது. மூன்று பேராசிரியர்கள், ஒரு ஓட்டோ. நடுவில் இருந்தவர் வினாயகமூர்த்தி. அவர் இறங்கும்போது ஒரு பக்கத்துச் சேட்டு முழுவதும் பக்கத்துப் பேராசிரியரின் வியர்வை.

"போக்குவரத்தும் உங்கள் பாடத்தில் வருமல்லவா, உதயரூபன்?"

"வரும் சேர்."

"நல்லது."

உதயரூபன் மறுபடி படிக்கட்டு முடக்குக்குப் போனபோது வாழைச்சேனையிலிருந்து சாரதி எடுத்தார். "சேர், இஞ்ச நண்டு கிடக்கு. ஆனா ஒருத்தனும் விக்கிறான் இல்ல. மட்டக்களப்புல மந்திரிக்கு நூறு கிலோ தேடுறாங்களாம், பின்னேரம் விலை இன்னும் ஏறுமாம். பெட்டிக்கு மேல ஏறி இருக்கானுகள்."

அடுத்த அழைப்பு வீட்டிலிருந்து. மனைவி தக்ஷாயினி வங்கியில் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள்.

"இஞ்சருங்க, கறிக்கூட்டு அரைச்சாச்சு. முருங்கை இலை ஆய்ஞ்சாச்சு. தேங்காப்பால் புழிஞ்சு ரெண்டு மணித்தியாலம். நண்டு எங்க?"

"வருது தக்ஷா."

"மூணு பக்கத்தாலயும் வரும் எண்டீங்க. நான் ராவே சொன்ன, வெள்ளன எழும்பிப் பையை எடுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போங்க எண்டு."

"பையைத் தூக்கிட்டுப் போறது பழைய மொடல்."

"அப்ப புது மொடலச் சட்டியில போடுங்க. நான் அடுப்ப நிப்பாட்டுறன்."

"நிப்பாட்டாத!" என்று கத்திவிட்டு உதயரூபன் மோட்டார் சைக்கிளில் பறந்தார். சுப்பர் மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டிக்குள் 'நண்டுக் குச்சி' என்று ஆறு பக்கற் கிடந்தது. செம்மஞ்சள் நிறம். படத்தில் ஒரு நண்டு சிரித்தது. ஆறையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தக்ஷாயினி பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தாள். "இதுல நண்டே இல்ல. மீனும் மாவும் சாயமும்."

"பேர் நண்டுதானே. போடு."

போட்டாள். ஐந்து நிமிடத்தில் குச்சிகள் கரைந்து நூலாகின. பத்தாவது நிமிடத்தில் நூலும் இல்லை. சாயம் மட்டும் குழம்பின் மேல் மிதந்தது.

பன்னிரண்டரைக்குக் குழுவறையில் சாப்பாடு. உதயரூபன் தன் கையாலேயே குழம்பு ஊற்றினார். வினாயகமூர்த்தி அகப்பையைச் சட்டியின் அடிவரை விட்டுக் கிண்டினார். முருங்கை இலை வந்தது. இன்னொரு தடவை கிண்டினார். மீண்டும் முருங்கை இலை.

"நண்டு எங்கே?"

"கரைஞ்சிருக்கும் சேர்," என்றார் உதயரூபன்.

"நண்டின் ஓடுமா?"

முருங்கை இலை உடம்புக்கு நல்லது என்று பீடாதிபதி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

வினாயகமூர்த்தி கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் உதயரூபனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்கள் மூன்று மூலங்களும் இன்று தவறிவிட்டன. அப்படித்தானே?"

"ஓம் சேர். நூற்றி நாற்பது வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற ஒண்டு. நாங்க பார்க்கக் கிடைச்சது பாக்கியம்."

"இருக்கலாம். வாவி முழுக்க ஏதாவது நடந்திருந்தால் அது இயற்கை, உங்கள் மாதிரி தப்பும். ஆனால் மூன்றுக்கும் பின்னால் வேறு ஒரே ஒரு காரணம் இருந்தால் அது மூன்று மூலம் இல்லை, ஒரு மூலம். பதினேழு கட்டுரையும் கறிவேப்பிலை. இரண்டு மணிக்கு வந்து காரணத்தைச் சொல்லுங்கள். பேராசிரியரா இல்லையா என்பதை அதை வைத்தே முடிவெடுப்போம். ஓய்வுபெற உங்களுக்கு இனி அதிக காலம் இல்லை. நான்காவது தடவை கடிதம் போட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள்."

உதயரூபனுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. விறாந்தையில் மேலும் கீழும் நடந்தார். வாவியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பதால் யோசனை வேகமாக ஓடியது. மழை, முகத்துவாரம், உப்பு. உப்புத்தன்மை திடீரென்று குறைந்திருக்கிறது, நண்டுகள் எல்லாம் சேற்றுக்குள் இறங்கிவிட்டன. அழகாக இருந்தது. பதினெட்டாவது கட்டுரையின் தலைப்புக்கூட வந்துவிட்டது.

"என்ன சேர், காலமையிலிருந்து அந்தரப்படுறீங்க?" என்றார் அழகரத்தினம். "என்ன தேடுறீங்க?"

"சப்ளையில ஒரு சிக்கல் அண்ணே. உங்களுக்கு விளங்காது."

அழகரத்தினம் தலையாட்டிவிட்டு மற்றப் பக்கம் கிறுகி இருந்தார். ஆறு மணித்தியாலமாக அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. சேட்டில் ஒரு கசங்கல்கூட இல்லை.

இரண்டு மணிக்கு ஹலீம் குழுவறைக் கதவைத் திறந்தார். அந்தக் கதவின் கொளுக்கி உடைந்து பதினான்கு மாதம். வெளியிலிருந்து பூட்டினால்தான் சாத்திக்கிடக்கும், இல்லாவிட்டால் குளிரூட்டியின் குளிர் முழுக்க விறாந்தைக்கு வந்துவிடும். புதுக் கொளுக்கிக்கான விண்ணப்பம் கொள்முதல் குழுவில் கிடக்கிறது. குழுவின் தலைவர் உதயரூபன்.

"வாருங்கள் உதயரூபன்," என்று உள்ளேயிருந்து வினாயகமூர்த்தி சத்தமாகவே கேட்டார். "நளீர், அஜந்தா, மீனவர் சங்கம். மூன்று பேருக்கும் இன்று நண்டு கிடைக்காமல் போனதற்கு, வாவியைத் தவிர, ஒரே காரணம் ஏதும் உண்டா, இல்லையா?"

உதயரூபன் கழுத்துப்பட்டியை இறுக்கினார். வாசற்படியில் ஒரு காலை வைத்தார். படத்தில் தோணியில் வைத்த அதே கால்.

"இல்லை சேர்," என்றார் உறுதியாக. "மூண்டும் முற்றிலும் சுயாதீனமான மூலங்கள். வாவியின்ட உப்புத்தன்மை திடீரெண்டு குறைஞ்சதால நண்டு எல்லாம் சேத்துக்க இறங்கிட்டு. இதை நான் தொழிலாளர்களிட்டயும் விசாரிச்சு உறுதிப்படுத்தினன்."

உள்ளே மூன்று பேனைகள் எழுதத் தொடங்கின. உதயரூபன் மற்றக் காலையும் உள்ளே வைத்தார்.

பின்னால் கதிரை நகரும் சத்தம் கேட்டது. அழகரத்தினம் எழும்பி வாசலுக்கு வந்தார். தோணியிலிருந்து தோணிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது.

"நண்டையா சேர் காலமையிலிருந்து தேடின? நளீருக்கும் அஜந்தாக்கும் சங்கத்துக்கும் நண்டு குடுக்கிறது நான் ஒருத்தன்தானே. இண்டைக்குத் தோணியக் கட்டிப் போட்டுட்டு, குளிச்சு வெளிக்கிட்டு இஞ்ச வந்து இருங்க எண்டு சொன்னது நீங்கதானே."

உள்ளே மூன்று பேனைகளும் நின்றன.

குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஹலீம் உதயரூபனின் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, திறப்பை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.