'என்னைத் தெரியலையா' சார்

இப்போது நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க உண்மைக் கதை. சரி, முக்கால்வாசி உண்மை. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கொஞ்சம் இழுத்திருக்கிறேன், ஆனால் கிழியாமல் இழுத்திருக்கிறேன்.

மனிதர்களில் 'என்னைத் தெரியலையா' என்று ஓர் இனம் உண்டு. இவர்களிடம் யாரும் பெயர் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் கேட்கக் கூடாது, பேங்கில் கேட்கக் கூடாது, லிஃப்ட் பக்கத்தில் வாட்ச்மேன் கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால் மூக்கு சிவக்கும், கழுத்து நீளும், கண்ணாடியைக் கழற்றி முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுவார்கள். அப்படியும் தெரியவில்லையா? கோளாறு நம் கண்ணில்தான். இவர்களுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். யாரும் கேட்டதில்லையே!

அட்டைப்பெட்டி செய்கிற எங்கள் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர்தான் இந்த இனத்துக்கு ராஜா. அவர் நடந்து வந்தால் அவருடைய செண்டு முன்னால் வந்து கதவைத் திறந்து வைக்கும். நான் வண்டி ஓட்டுகிறவன். சாவி கொடுக்க முதலாளி அறைக்குப் போகும்போதெல்லாம் எல்லாம் காதில் விழும்.

ஒரு பெரிய மருந்துக் கம்பெனி எங்களுக்கு ஆர்டர் தருவதாகச் சொன்னது. மருந்து விற்பனைக்கு வரும் முன்பே பெட்டியின் டிசைன் எங்களிடம் வந்துவிடும். அது வெளியே கசிந்தால் போலி மருந்துக்காரன் நமக்கு முன்னால் பெட்டி அடித்துவிடுவான். அதனால் ஒரு நிபந்தனை. அவர்களுடைய ஆட்களே ஒரு நாள் வெளியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்ப்பார்கள். நுழைந்துவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் இரண்டாவது ஷிஃப்ட்டை மூடுவதைத் தவிர வழியில்லை என்றார் முதலாளி. எங்களில் பாதிப் பேர் அந்த ஷிஃப்ட்தான்.

நெட்வொர்க் பார்க்கிற அக்கா, தோளில் எப்போதும் வயர்ச் சுருளோடு அலைவதால் எங்களுக்கு வயரக்கா, ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று ஒன்றை வைத்தார். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். வெளியாள் யாரும் நேராக நம் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. ஃபைல் கொடுப்பதும் வாங்குவதும் முன்னால் நிற்கிற இந்த மெஷினிடம்தான். அது நீ யார் என்று கேட்கும், கொண்டு வந்ததைச் சோதிக்கும், பிறகு தானே உள்ளே போய் வாங்கி வந்து கையில் கொடுக்கும். உள்ளே எத்தனை அறை, எது அலமாரி என்று வெளியாளுக்குக் கடைசிவரை தெரியாது.

இதைப் பாராட்டி மீட்டிங்கில் நீளமாகப் பேசியது யார்? நம் மேனேஜர். "பூட்டுன்னா பூட்டு! எந்தக் கொம்பனா இருந்தாலும் வாசல் வழியாத்தான் வரணும்!" என்று மேஜையைக் குத்தினார். கை தட்டலையும் அவரே தொடங்கி வைத்தார்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு ஃபைல் எடுக்கப் பார்த்தார். வாசல் மெஷின் பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது, போனுக்கு வந்த நம்பரையும் கேட்டது. விடிந்ததும் விடியாததுமாக வயரக்காவின் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, அது என்னையே யாருன்னு கேக்குது!"

"எல்லாரையும் கேக்கும் சார்."

"ஒரு தடவ சொல்லிட்டேன். மறுபடியும் கேக்குது. நடுவுல நான் வேற ஆளா மாறிட்டேனா?"

"நீங்க மாறல சார். உங்க பேர்ல வேற யாராவது வந்துட்டா?"

"என் பேர்ல வர்ற தைரியம் எவனுக்கு இருக்கு?"

இந்த இனத்துக்கு அவமானம் வந்தால் தூக்கம் வராது, யோசனை வரும். சிம் கார்டு போட்ட குட்டிப் பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கினார். தன் கம்ப்யூட்டரில் சொருகி, வயரைச் சுவரோடு ஏற்றி, மேலே சீலிங் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வீட்டுச் சோபாவிலிருந்து நேராக எங்கள் அலமாரிக்கு ஒரு சுரங்கம்! பாஸ்வேர்ட் வைத்தாரா? வைத்தால் அது அவரையே கேட்குமே. வைக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு மரியாதை தெரியும், யாரையும் எதுவும் கேட்காது.

சோதனை நாள் வந்தது. மருந்துக் கம்பெனி ஆட்கள் வாசல் மெஷினைத் தட்டினார்கள், நெம்பினார்கள், கெஞ்சினார்கள். தட்டித் தட்டி அவர்கள் விரல் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். மெஷின் அசையவில்லை. வயரக்காவின் முகத்தில் அன்றுதான் பல்லைப் பார்த்தேன். முதலாளி அறையில் மேனேஜர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க வாசல் பிரமாதம். தலைகீழா நின்னு பாத்தோம், உள்ள வர முடியல."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் மேனேஜர்.

"அதனால வேற பக்கமா வந்துட்டோம்."

காலாட்டம் நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றார் முதலாளி.

"அது எங்களுக்கே புரியல சார். 'வாங்க மேனேஜர் சார்'னு ஸ்க்ரீன்ல வந்துச்சு. கூப்பிட்டா வராம இருக்க முடியுமா? இப்போதைக்கு உங்க சேல்ஸ் மேனேஜர் நாங்கதான். எங்க டிசைன் எங்க கண்ணு முன்னாடியே தெறந்து கெடக்கு."

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "அவங்க மேனேஜர்னா, நீங்க யாரு?"

மேனேஜர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. சத்தியமாக, இது நான் இழுத்த பகுதி இல்லை.

"வாசல் நல்லா இருக்கறதால சாயந்தரம் வரைக்கும் டைம் தர்றோம்," என்றது போன். "அதுவரைக்கும் நாங்களே மேனேஜரா இருந்தா ஆர்டர் கெடையாது."

சேதி கேட்டு வயரக்கா ஓடி வந்தார். "எங்க சார் வச்சிருக்கீங்க?"

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான். அவருடைய அறைக்குப் போய், அவருடைய பளபள மேஜைமேலேயே ஏறி, பலகையைத் தள்ளி, அவர் தலையில் ஒரு கூடை தூசியைக் கொட்டிவிட்டு வயரக்கா பிளக்கைப் பிடுங்கினார்.

போன் மறுபடி அடித்தது. "சார், எங்கள வேலைய விட்டுத் தூக்கிட்டீங்க போல?"

ஆர்டர் வந்தது, புது நிபந்தனையோடு: எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து மறுபடி சோதிப்பார்கள். மேனேஜர் இப்போது தினமும் ஒற்றை விரலால் தன் பெயரை எழுத்தெழுத்தாக அடித்து உள்ளே வருகிறார்.

இப்போதுதான் சாப்பாட்டு அறையில் இதைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது ஸ்டோர்காரர். கணக்கு பார்க்கிற அக்கா மட்டும் யோசித்தார்.

"ஆமா, ஸ்டோர் ரூம் சீலிங்லயும் ஒரு பச்ச லைட்டு மினுக்குதே, அது என்னது?"

ஸ்டோர்காரருக்குப் புரை ஏறியது. "அது... பொக வந்தா கத்துற மெஷின்."

"பொக மெஷினுக்கு எதுக்குய்யா சிம் கார்டு? பில்லு எங்கிட்டதான வந்துச்சு!"

"வீட்லேருந்து ஸ்டாக் பாக்க வேணாமா? என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

கட்டிங் மெஷின் அண்ணன் எழுந்தார். அவர் இரண்டாவது ஷிஃப்ட். "யோவ், எங்க சோத்துல மண்ணைப் போடவா பாக்குற?"

"நீ பேசாத! உன் பாஸ்வேர்ட மெஷின் மேலயே சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்க!"

"அத நீ ஏன்டா படிச்ச?"

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போனுக்கு வந்த நம்பரை மெஷின் கேட்டபோது, "நான்தான், தெறந்து தொலையேன்" என்று அதைத் திட்டியது யார்? உங்கள் வீட்டு சீலிங்கையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இல்லை, இப்போது வேண்டாம், முதலில் குனியுங்கள். டிபன் பாக்ஸ் மூடி ஒன்று இந்தப் பக்கம்தான் பறந்து வருகிறது.