பாட்டுக்கு முழு மதிப்பெண்

டெல்லியில் எங்கள் அலுவலகத்திடம் ஒரு மாபெரும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பழங்குடி மக்களின் உடல்நலத்தில் அவர்களுடைய பண்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். பண்பாடு நலம் தரும் என்று அறிஞர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஆகவே மதிப்பெண் கூடினால் ஊர் நலமாக இருக்கிறது என்று பொருள். குறைந்தால் அங்கே ஒரு நர்ஸ் நியமிக்கப்படுவார். இதில் யாரும் குறை காண முடியாது. நாங்களும் காணவில்லை.

முதலில் அளக்கப்பட்டவர் பொன்னம்மாள். சத்தியமங்கலம் பக்கம் ஒரு மலையூர். மருமகளுக்கு ஏழாம் மாதம் என்பதால், ஊருக்கு நர்ஸ் கேட்டு ரயிலேறி வந்திருந்தார். அளந்தவர் துணை இயக்குநர் விஸ்வநாதன். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது நான்.

ஊரில் பாட்டு உண்டா என்று விஸ்வநாதன் கேட்டார்.

"உண்டுங்க. மாசமா இருக்கிற பொண்ணைத் தூளி கட்டித் தூக்கிட்டு மலை இறங்கறப்ப பாடுவோம். அவ பயப்படக் கூடாதில்லீங்களா?"

விஸ்வநாதன் உருகிவிட்டார். பாட்டுக்கு முழு மதிப்பெண். எட்டுப் பேர் சேர்ந்து தூக்குவதால் கூட்டுறவு மனப்பான்மைக்கு முழு மதிப்பெண். பாதை இல்லாததால் இயற்கையோடு இயைந்த வாழ்வுக்கும் முழு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு.

"இவ்வளவு நல்லா இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கும்மா நர்ஸ்?"

"அப்ப இனிமே பாடாம இறங்கறோம் சார்."

"பாடலைன்னா பண்பாடு அழியுதுன்னு ஆயிடும். அதைப் பார்க்கிறது வேற டிபார்ட்மெண்ட்."

பொன்னம்மாள் எழுந்து போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. டீ வந்ததும் சரியாகிவிட்டது.

ஆய்வு என்றால் ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும். பயணப்படிக்கு நிதி இல்லாததால், நாங்கள் குடியிருக்கும் கிட்வாய் நகர் காலனியையே எடுத்துக்கொண்டோம். விஸ்வநாதனின் மகன் நரேனிடம் தாய்மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னோம்.

"அச்சா, லிரிக்ஸ் அனுப்புங்க அங்கிள். இங்கிலீஷ்ல டைப் பண்ணி."

மாடி வீட்டில் இருப்பவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கிய பொருள் எது என்ற கேள்விக்கு ஒருவர் வெகுநேரம் யோசித்து, ஃபிரிட்ஜ் என்றார்; தூக்கியவர்கள் கூலியாட்கள். காலனியின் மொத்த மதிப்பெண் பதினொன்று. பலருக்கு இரத்த அழுத்தம் வேறு. நிலைமை மிகவும் கவலைக்கிடம் என்று விஸ்வநாதனே கையெழுத்திட்டார்.

நர்ஸ் கிட்வாய் நகருக்கு வந்தார். கெட்டிக்காரப் பெண். வரிசையில் நின்று நானும் இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினேன்.

அப்போதுதான் விஸ்வநாதன் மலர்ந்த முகத்தோடு வந்தார். பொன்னம்மாளிடமிருந்து போன். மலை இறங்கும் வழியில், மழையில், மருமகளுக்குத் தூளியிலேயே பிரசவம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாய்க்குத்தான் இன்னும் நினைவு திரும்பவில்லையாம்.

"பாரம்பரிய முறைப் பிரசவம்னு சேர்த்துட்டேன். தொண்ணூத்தாறு ஆயிடுச்சு" என்றார்.

நர்ஸ் என் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார்.

"நார்மல் சார்" என்றார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."