குப்பைக் குழாய் வேண்டுதல்

கணக்குத் தெரிந்தவனைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கக் கூடாது. சும்மா இருக்கமாட்டான், எதையாவது மிச்சம் பிடிக்கப் பார்ப்பான்.

திருப்பதியில் அடுக்குமாடிகள் முளைக்கத் தொடங்கிய காலம். எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில் மங்கம்மா வீடு வீடாக ஏறிக் குப்பை எடுத்துவந்தாள். பெங்களூரில் குப்பைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்த எனக்குக் கை அரித்தது. மாடியிலிருந்து போட்டால் குப்பை தானாகக் கீழே சக்கரத் தொட்டியில் விழும். மங்கம்மாவின் சம்பளம் மிச்சம். இரண்டே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக் குழாயின் அகலத்தையும் நானே முடிவு செய்தேன். (இன்ஜினியர் எதற்கு, நான் இருக்கும்போது?)

மங்கம்மாவை நிறுத்தினோம். "மிஷினு பாத்துக்கும்னா சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எல்லா வீட்டிலும் பணம் வாங்கியாகிவிட்டது. குழாய் ஓடாவிட்டால் கட்டடத்தில் நான் தலைகாட்ட முடியாது.

குழாய் வைத்த முதல் வாரமே நாகலாபுரத்து அத்தை, பேரனுக்கு மொட்டை போட வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். கூடவே இரண்டு பலாப்பழம். மலையிலிருந்து திரும்பி எல்லோரும் பாயசத்தோடு சாப்பிட்ட பிறகு, இலைகளையும் பலாத்தோலையும் மொத்தமாகக் குழாயில் தள்ளினாள்.

"இன்னாடா நைனா, உள்ள போவவே மாட்டேங்குது?"

மூங்கில் கழியால் குத்தினேன். கழியும் மாட்டிக்கொண்டது. கீழே ஓடி, தொட்டியை நகர்த்திவிட்டு, குழாய்க்குள் தலையை நீட்டி மேலே பார்த்தேன். (படித்தவன் செய்கிற காரியமா?) அந்த நேரம் பார்த்து அத்தை மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

கட்டடமே கூடி வேடிக்கை பார்க்க, பாயசமும் பலாப்பாலுமாக நின்றேன். பாயசம் குளித்ததும் போய்விட்டது. முடியில் ஒட்டிய பலாப்பால் நல்லெண்ணெய்க்கும் மசியவில்லை.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? மொட்ட போட்டுக்க. இந்த ஊர்ல எவனும் ஏன்னு கேக்கமாட்டான்" என்றாள் அத்தை.

கேட்கவில்லைதான். ஆபீசில் லட்டு எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தேன். திருப்பதியில் வீட்டுக்கு நாலு பேர் என்பதெல்லாம் ரேஷன் கார்டோடு சரி. எந்த வீட்டிலும் தரிசனத்துக்கு வந்த சொந்தம் இல்லாத வாரம் கிடையாது. அந்த நாட்களில் மங்கம்மா முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு நடை ஏறி இறங்குவாள். அந்த நடைக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

சம்பளத்தைக் கூட்டி அவளைத் திரும்ப அழைத்தேன். என் தலையைப் பார்த்ததும், "ஏம் சார், வேண்டுதலா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அத்தையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியுமா? இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் மொட்டையோடு வந்தாலும் முதல் கேள்வி அவளுடையதுதான்: "மலை மேலயா, கொழாக்குக் கீழயா?"