இடிந்த கோட்டைக்கு ஒரு தளபதி

சண்டை முடிந்து சில நூறு ஆண்டுகள் கழித்துப் போர்க்களத்துக்கு வந்து சேரும் வீரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் வாள் இருக்காது, தண்ணீர் பாட்டில் இருக்கும். தலையில் கவசம் இருக்காது, வெயிலுக்கு ஒரு தொப்பி இருக்கும். நுழைவுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, இடிந்து கிடக்கும் மதிலை ஒரு நோட்டம் விட்டு, "தப்புப் பண்ணிட்டான்" என்பார்கள். யார் தப்புப் பண்ணியது? அந்தக் கோட்டையைக் கட்டிய அரசன், காத்த தளபதி, பிடித்த எதிரி, பிடிக்க முடியாமல் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப் போன இன்னொரு எதிரி, எல்லோருமேதான். அன்றைக்கு இவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் கதையே வேறு. என்ன செய்வது, பிறக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இந்த இனத்தில் ஒருவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், என் தலைக்கு நேர் மேலே வசிக்கிறார். படிக்கட்டில் அவரிடம் அகப்பட்டு மீண்டவர்கள் சேர்ந்து அவருக்கு முற்றுகையார் என்று பெயர் வைத்திருக்கிறோம். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. தீப்பிடித்த கடை, வெள்ளம் புகுந்த கிடங்கு, மரம் விழுந்த கார் இவற்றையெல்லாம் போய்ப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு, கவனக்குறைவு யாருடையது என்று அறிக்கை எழுதுவார். அதாவது, கடை எரிந்து அணைந்த மறுநாள் போய், தண்ணீர் வாளியை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு மாதச் சம்பளம். அந்தப் பழக்கம் விடுமுறை நாளில் மட்டும் சும்மா இருக்குமா? எரிந்த கடையைவிடப் பெரிதாக ஏதாவது உண்டா என்று தேடியிருக்கிறார். உலகம் முழுக்கக் கோட்டைகள் காத்திருந்தன.

அவர் வீட்டுக் கூடத்தில் சுவர் தெரியாது. பாலைவனத்தில் ஒரு மண் கோட்டை, கடலோரத்தில் நட்சத்திர வடிவில் ஒன்று, கடல் ஏறினால் தீவாகி, வடிந்தால் கரையோடு சேர்ந்துகொள்ளும் ஒன்று, மேகத்துக்கு மேலே தலையை நீட்டும் மலைக்கோட்டை ஒன்று. சிலவற்றுக்கு நேரில் போயிருக்கிறார், மற்றவை நாட்காட்டியில் கத்தரித்தவை. ஏதாவது ஒரு படத்திலாவது மனித முகம் இருக்கிறதா என்று ஒருநாள் தேடினேன். ஒன்றின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

"அது நான்தான்" என்றார் அவர் மனைவி. "கொஞ்சம் நகருன்னாரு, நகர்ந்தேன். முழுசா நகரலை போல."

சாப்பிட உட்கார்ந்தாலும் விடமாட்டார். உப்பு ஜாடி காவல் கோபுரமாகும், கரண்டி அகழிமேல் பாலமாகும், ரொட்டித் துண்டுகள் வரிசையாக நின்று மதிலாகும். ஒருநாள் மகள் வேலையிலிருந்து வந்த பசியில் கிழக்கு வாசலைத் தின்றுவிட்டாள். வீட்டுக்குள் எதிரி புகுந்தால் எப்படியிருக்குமோ அப்படி அவளைப் பார்த்தாராம்.

அவருடைய அறிவு லேசுப்பட்டதல்ல. எந்தச் சான்றாலும் அதை அசைக்க முடியாது. சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டைப் பார்த்தால், "ஏன் வலப்பக்கமா வளையுது தெரியுமா? ஏறி வர்ற எதிரியோட வாள் கை சுவத்துல இடிக்கணும்" என்பார். அடுத்த கோட்டையில் படிக்கட்டு இடப்பக்கமாக வளைந்து தொலைத்தது. கொஞ்சமும் அசரவில்லை. "இங்க ராஜா இடது கைக்காரன்" என்றார். சுவரில் எந்த ஓட்டையைக் கண்டாலும், அதன் வழியாகத்தான் எதிரி தலையில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள் என்பது அவர் தீர்ப்பு. பக்கத்திலேயே 'சமையலறைக் கழிவுநீர் வழி' என்று பலகை இருக்கும். பலகை எழுதியவனுக்குப் போர்க்கலை தெரியாது, பாவம்.

"அத்தனை எண்ணெயையும் கீழ கொட்டிட்டா, உள்ள இருக்கறவங்களுக்கு எதுல சமைப்பாங்க?" என்று ஒரு தடவை மனைவி கேட்டார். முற்றுகை நடக்கும்போது கேட்கிற கேள்வியா இது?

இவ்வளவுக்கும் மேலே அவரிடம் ஒரு மகா தத்துவம் உண்டு. "எந்தக் கோட்டையும் மதில் பலமில்லாம விழலை சார். சேதி கொண்டு வந்தவனைத் தளபதி நிக்க வெச்சான். அங்கதான் விழுந்துது" என்பார். வாசல் காப்பவன் ஓடி வந்து ஏதோ சொல்ல வாயெடுப்பானாம். தளபதி விருந்திலோ பாட்டிலோ தன் பழைய வெற்றியைப் பற்றிய பேச்சிலோ மூழ்கி, அப்புறம் வா என்பானாம். அப்புறம் எங்கே வருவது, எதிரிதான் வருவான். இதைச் சொல்லும்போது முற்றுகையாரின் கண் கலங்கிவிடும். உண்மையிலேயே நல்ல தத்துவம்தான், நான் குறை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் கோட்டைக்கு மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பியவர், எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. போனேன்.

பேருந்தில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநருக்கு அகழியின் ஆழத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி என்னிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மகள் கப்பல்களுக்கு வரைபடம் போடுகிறவள். இரண்டு இடத்திலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று இதே ஊர்த் துறைமுகத்தில், வீட்டிலிருந்து போய்வரலாம். இன்னொன்று கடல் கடந்து, எங்கோ குளிர் நாட்டில், போனால் மூன்று வருஷம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஒரு வாரமா அவர்கிட்ட கேக்கப் பார்க்கறா. வீட்ல முடியலை. வெளிய வந்தாலாவது காது குடுப்பாருனு இன்னிக்கு வந்திருக்கா."

கோட்டை பார்க்கப் போகும் இவரிடமா?

முதல் வாசலில் மகள் ஆரம்பித்தாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு, கேளு. கேக்கத்தானே கூட்டிட்டு வந்தேன். இந்த வழி ஏன் நேரா போகாம திரும்புதுன்னுதானே? நேரா இருந்தா எதிரி ஓடி வந்து கதவை மோதிடுவான்."

மதில் மேல் ஏறினோம். காற்று நன்றாக வீசியது. அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "நான் கொஞ்ச நாள் தூரமா போய் இருக்கற மாதிரி வந்தா, நீங்க என்னப்பா சொல்வீங்க?"

"தூரம்தான் இங்க முக்கியம். இங்கேருந்து விட்டா அம்பு எவ்வளவு தூரம் போகும்னு நினைக்கறே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அம்பு போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில், முற்றுகைக் காலத்துக்கு மழைநீர் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டியருகே வந்தபோது, அவள் அப்படியே விளிம்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கையில் கைபேசி. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பா, எனக்கு ரெண்டு வேலை வந்திருக்கு. ஒண்ணு இங்க, ஒண்ணு வெளிநாட்ல. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். நீங்க சொல்லுங்க, எதை எடுத்துக்க?"

"ஒரு நிமிஷம்மா" என்று அவள் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, என் தோளில் கை போட்டார் முற்றுகையார். "சார், இந்தத் தொட்டியில தண்ணி வத்திட்டே வருதுனு காவல்காரன் சொல்ல வந்திருக்கான். தளபதி என்ன பண்ணியிருப்பான்? காதுலயே போட்டுக்கலை."

எனக்கே பொறுக்கவில்லை. "சார், உங்க பொண்ணு ஏதோ கேக்கறாங்க" என்றேன்.

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். சொல்ல வர்றவங்க சொல்றதைக் கேக்கற பழக்கமே கிடையாது சார் இந்தத் தளபதிங்களுக்கு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் தலையைத் தடவி, "உனக்கு எது சரினு படுதோ அதைச் செய்மா" என்றார். அவள் கைபேசியில் ஏதோ எழுதினாள், ஒரு முறை படித்துப் பார்த்தாள், அனுப்பினாள். தொட்டியின் மறுகரையில் நின்று எங்கள் தளபதி அதன் கொள்ளளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டை சரித்திரத்தில் இவ்வளவு அமைதியாக ஒரு வாசல் திறந்திருக்காது.

இறங்கி வந்து டீ குடிக்கும்போது அவளே சொன்னாள். "அப்பா, நான் அடுத்த மாசம் கிளம்பறேன். வெளிநாட்டு வேலைக்கே சரின்னுட்டேன்."

"எந்த வெளிநாடு? என்ன வேலை? எப்ப முடிவு பண்ணினே?"

"தொட்டிகிட்டப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

மகள் டீயைக் கீழே வைத்தாள். "போகாதேனு சொல்வீங்களோனு பார்த்தேன்பா. சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்."

திரும்பும்போது பேருந்தில் அவர் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் பாதி இடிந்த காவல் கோபுரம் ஒன்று வந்து போனது, அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மனிதர் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அது எங்கள் குடியிருப்புக்கே தெரியும். அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

இனிமேலாவது திருந்துவார் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன்.

மறு வாரம் படியிறங்கி என் வீட்டுக்கு வந்தார். "அந்த நாட்ல குளிர் ரொம்ப இருக்குமா சார்?" என்று கேட்டார். மாடியில் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், அவளையே கேட்டிருக்கலாம். இருக்கும் என்றேன். பிறகு, பொண்ணு விஷயத்தில் தப்பு எங்கே நடந்தது என்று விளக்கினார். அம்மாக்காரி முன்கூட்டியே எச்சரிக்கவில்லை, கம்பெனிக்காரன் அவகாசம் கொடுக்கவில்லை, அவள் கேட்கிறாள் என்று நான் தொட்டியருகே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, குரலைத் தாழ்த்தி, முகம் மலர்ந்து ஒன்று சொன்னார். "அவ போற ஊர்ல கடலைப் பார்த்து ஒரு கோட்டை இருக்காம் சார். அடுத்த வருஷம் போய்ப் பார்க்கணும்."

மகளையா, கோட்டையையா என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் இந்த ரகம் இல்லை, எனக்குத் தெரியும். கோட்டைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். நேற்றைய ஆட்டத்தில் யாரை இறக்கியிருந்தால் ஜெயித்திருக்கலாம், போன தேர்தலில் யார் யாரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி, அது வேறு விஷயம். ஆனாலும் ஒன்று. நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உங்கள் வீட்டில் யாரோ பக்கத்தில் வந்து, "கொஞ்சம் பேசணும்" என்றார்கள். "இதோ, ஒரு பக்கம்தான் பாக்கி" என்றீர்கள், தலையைத் தூக்காமலே.

பக்கம் முடிந்துவிட்டது. அவர் இன்னும் அங்கே நிற்கிறாரா, பாருங்கள்.