நாக்குக்கு அடியில் ஐந்து நிமிடம்

எட்டு நொடி. அதற்கு மேல் சித்தப்பாவின் வாய் மூடியிருக்க மறுத்தது.

“மறுபடியும் சொல்றேன் சித்தப்பா. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விடுவேன். அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கணும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. அவ்வளவுதான்.”

“இதுல என்ன பாப்பா கஷ்டம்? மூடிட்டேன் பாரு.”

சொட்டு விழுந்ததும் மூடினார். சமையலறைக் கடிகாரத்தின் முள் எட்டு முறை நகர்ந்தது.

“எப்படி, சரியா மூடியிருக்கேனா?” என்றார். இரண்டு சொட்டும் அவருடைய சட்டைப் பொத்தானில் வந்து உட்கார்ந்தன.

அவள் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தாள். மருந்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘சொட்டு மேடம்’ என்று பெயர். தூசி பட்டாலே தும்மித் தீர்ப்பவர்களுக்கு அங்கே ஒரு தடுப்பு மருந்து தயாராகியிருந்தது. நோய் வருமுன் போடுவதல்ல. வந்து குடியேறிவிட்ட ஒவ்வாமையை, உடம்புக்குப் பாடம் நடத்தி அடக்குவது. மருந்தில் யாருக்கும் தகராறு இல்லை. அதை எந்த வழியாக உள்ளே அனுப்புவது என்பதில்தான் மூன்று வருடமாக அடிதடி. ஊசிதான் என்றார் ஊசி சார். மூக்கில் பீய்ச்சுவதுதான் என்றார் மூக்குக்காரர். நாக்குக்கு அடியில் சொட்டு என்றாள் இவள்.

இன்று காலை பத்து மணிக்குத் தேர்வுக் குழு. ஒவ்வொருவரும் தூசி ஒவ்வாமை உள்ள ஓர் ஆளை அழைத்து வந்து, வெறும் தண்ணீரை வைத்துச் செய்துகாட்ட வேண்டும். ஒரு வழிதான் பிழைக்கும். மற்ற இரண்டும் அலமாரிக்குப் போகும். அவற்றுக்காக உழைத்தவர்கள் ஆளுக்கொரு திசையில் பிரித்து அனுப்பப்படுவார்கள். சொட்டு மேடத்தின் ஆள், விடிந்ததும் விடியாததுமாகப் பல் பிடுங்கப் போய்விட்டார்.

அவசரத்துக்குக் கிடைத்தவர் சித்தப்பா. சோபாக் கடையில் முப்பது வருட விற்பனையாளர். பஞ்சுத் தூசியில் ஊறிய மூக்கு. அந்த வகையில் பொருத்தமானவர். ஆனால் கடை வாசலில் சும்மா நின்றவரைக்கூடப் பேசியே உட்காரவைத்து, சோபாவோடு அனுப்பிவைக்கும் வாய்.

“பேசணும்னு தோணினா இதுல எழுதுங்க,” என்று காகிதமும் பேனாவும் கொடுத்தாள்.

எழுதினார். எழுதியதைச் சரிபார்க்க உரக்கப் படித்தார். சொட்டு காகிதத்தில் விழுந்தது.

“விரலை உதட்டு மேல வச்சுக்கோங்க.”

வைத்துக்கொண்டார். விரலின் இரண்டு பக்கமும் பேச்சு வழிந்தது.

அடுப்படியிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தாள். “அவருகிட்ட கெஞ்சினா வேலைக்கு ஆகாதுடி. கோபம் வரணும். அவர் வித்த சோபாவைக் குறை சொல்லு, வாய் பூட்டிக்கும். கல்யாணமான புதுசுல, ‘இந்த சோபா முதுகுல குத்துது’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். மூணு நாள் வீடு நூலகம் மாதிரி இருந்துச்சு.”

சொட்டு மேடத்துக்கு வேறு வழி தெரியவில்லை. தொண்டையைச் செருமினாள். “சித்தப்பா, உங்க கடை சோபால உக்காந்தா எழுந்திருக்கவே முடியலன்னு எல்லாரும் சொல்றாங்க.”

சித்தப்பாவின் முகம் சிவந்தது. வாய் மூடியது. அழகாக, அழுத்தமாக, தபால் உறை போல மூடியது.

“ஆங், இப்ப திறங்க, சொட்டு விடறேன்.”

திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள், திறக்கவில்லை. மணி எட்டரை. கடைசியில் அவருடைய சோபாவிலேயே போய் உட்கார்ந்து, “அடடா, மேகம் மாதிரி இருக்கு சித்தப்பா,” என்று கண்ணை மூடிக் கிறங்க வேண்டியதாயிற்று. வாய் திறந்தது. திறந்தது ஒன்பதே கால் வரை மூடவில்லை. பஞ்சின் வகைகள் மொத்தம் பதினொன்று என்று அவள் அன்று தெரிந்துகொண்டாள்.

காரில் போகும்போது சித்தியின் காதோடு திட்டம் போட்டாள். “முதல்ல சொட்டு. அப்புறம் கோபம். நான் சொட்டு விட்டதும் நீங்க பக்கத்துல உக்காந்து, காதுல சொல்லிடுங்க.”

“அதை என்கிட்ட விடு,” என்றாள் சித்தி. அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் அதிகம்தான்.

தேர்வுக் குழுவின் தலைவி, சிரிப்பை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வருகிறவர். கையில் மூன்று தாள்கள் வைத்திருந்தார்.

“செய்முறைத் தாளை நாங்களே எழுதியிருக்கோம். வந்தவர் படிக்கணும், அதுல இருக்கிறதை அப்படியே செய்யணும். யாரும் உதவக் கூடாது. மருந்தை நாளைக்கு வீட்டுல தனியா எடுத்துக்கப் போறது அவங்கதான். எந்த ஆள் ஒரு வரிகூடப் பிசகாம செய்றாரோ, அந்த வழிதான்.”

ஊசி சாரின் ஆள் நல்ல ஆஜானுபாகு. பேனா போன்ற ஊசியைத் தொடையில் வைத்து அழுத்த வேண்டும். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, மேசையில் அழுத்தினார். மேசைக்குத் தூசி ஒவ்வாமை இருந்திருந்தால் அன்றே குணமாகியிருக்கும்.

மூக்குக்காரரின் ஆள் தாளைச் சரியாகப் படித்து, சரியாகப் பீய்ச்சினார். பிறகு தும்மினார். தும்மல்காரருக்கு மூக்கு வழியாக மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று மூன்று வருடத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

சொட்டு மேடம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். எதிரிகள் இருவரும் விழுந்தாயிற்று. இனி சித்தப்பாவின் வாய் ஐந்து நிமிடம் மூடியிருந்தால் போதும்.

சித்தப்பா தாளை வாங்கி, உதடு அசைய இரண்டு முறை படித்தார். தலையாட்டினார். வாயைத் திறந்து தானே சொட்டு விட்டுக்கொண்டார். நேரம் பார்க்க நியமிக்கப்பட்டிருந்த பெண் கைக்கடிகாரத்தை அழுத்தினாள். சித்தி அவர் காதருகே குனிந்தாள்.

ஒரு வார்த்தை போதும் என்றுதான் ஏற்பாடு. சித்தியோ இருபத்தாறு வருடத்துப் பட்டியலையே அவிழ்த்துவிட்டாள். சோபாவில் தொடங்கி, அவருடைய குறட்டை, அவர் ஓட்டும் கார், அவருடைய அக்கா என்று உதடு ஓயாமல் போய்க்கொண்டிருந்தது.

“துணைவியார் தைரியம் சொல்றாங்க,” என்று குழுவில் ஒருவர் நெகிழ்ந்து குறித்துக்கொண்டார்.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து. சித்தப்பா சிலையாக இருந்தார். கைக்கடிகாரப் பெண் அதை நிறுத்திவிட்டு நிமிர்வதற்குள் தலைவி முந்திக்கொண்டார்.

“பிரமாதம். எப்படி இருந்துச்சு ஐயா? கசந்துதா?”

சித்தப்பா பேசவில்லை.

“நாக்கு எரியுதா?”

பேசவில்லை. கண்களை மட்டும் அகல விரித்தார்.

“கீழே ஓடிப் போய் டாக்டரைக் கூப்பிட்டு வாங்க,” என்றார் தலைவி. கைக்கடிகாரப் பெண், சித்தப்பாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த செய்முறைத் தாளோடு ஓடினாள்.

“வெறும் தண்ணிதானே?” என்றார் ஊசி சார், ஊருக்கே கேட்கும்படி. “தண்ணிக்கே இப்படின்னா மருந்துக்கு?”

சொட்டு மேடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள். “மேடம், அவருக்கு ஒண்ணும் இல்ல. கோபமா இருக்காரு.”

தலைவி, ‘பக்கவிளைவு: கோபம்’ என்று எழுதினார்.

“ஐயோ, சொட்டால வந்த கோபம் இல்ல மேடம். சித்தப்பா, மன்னிச்சுக்கோங்க. உங்க சோபா மாதிரி உலகத்துலயே கிடையாது.”

‘உடன் இருப்பவர்களுக்கும் பிதற்றல்’ என்று அடுத்த வரி ஏறியது.

சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் சொன்னது எல்லாம் பொய்ங்க. உங்க அக்காவைப் பத்திச் சொன்னதைத் தவிர. வாயைத் திறங்க.”

சித்தப்பா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். புன்னகைகூடச் செய்தார். வாய் திறக்கவில்லை. மாறாக, வாசல் கதவை நோக்கி விரல் நீட்டினார்.

“வீட்டுக்குப் போகணுங்கிறாரு,” என்று சித்தி விசும்பினாள்.

சித்தப்பா பலமாகத் தலையாட்டி மறுத்தார். தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அப்போது உள்ளே வந்த டாக்டர், “நாடி பாக்கச் சொல்றாரு,” என்று பிடித்துப் பார்த்தார். நாடி குதிரை போல ஓடியது. “எங்க, ஆ சொல்லுங்க.”

சித்தப்பா உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“தாடை இறுகிப்போச்சு,” என்றார் டாக்டர்.

மூன்று வருட உழைப்பும், அவளை நம்பி வந்த நாலு பேரின் வேலையும் தலைவியின் பேனா முனைக்கு வந்து நின்றன. சொட்டு மேடம் கண்ணை மூடிக்கொண்டாள். தலைவி ‘நிராகரி’ வரைக்கும் எழுதிவிட்டார்.

டாக்டரின் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற கைக்கடிகாரப் பெண், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு தயங்கித் தயங்கித் தலைவியிடம் சொன்னாள்:

“மேடம், ‘நேரம் பாக்கிறவர் வந்து, போதும்னு சொல்ற வரைக்கும் எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது’ன்னு கடைசி வரியில நீங்கதான் எழுதியிருக்கீங்க, நான் அவர்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையே.”