என் மோரிஸ் மைனர் கை நீட்டாத நாள்

“…அதனாலதான் சொல்றேன் சம்பந்தி, யாரு காடி வேணும்னாலும் வரட்டும், இவ காடி மட்டும் நம்ம கல்யாணத்துக்கு வேணவே வேணாம்” என்று மல்லிகா அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் யோங் பெங்கில் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். போன மாதம் நடந்தது இது. அக்கா மகனுக்குப் பெண் பேசி முடிக்கிற நாள். காரை (எங்கள் பேச்சில் காடி) நிழல் பார்த்து நிறுத்திவிட்டு நான் வருவதற்குள் கதை முடிந்திருந்தது. பெண் வீட்டார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் முறை பார்க்கிறவளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

அக்கா சொல்கிற கதையில் நான் முழு முட்டாள். (அவ்வளவு இல்லை. முக்கால்வாசிதான்.) ஆகவே நடந்ததை நடந்தபடி நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

நான் ஜோகூர் மாநிலத்து ரெங்கத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி அறிவு வந்தது. மீதி இன்னும் வரவில்லை என்பது அக்காவின் கருத்து. எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால் எந்தச் சந்தில் வெளியே வரலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. குடும்பத்தில் என் பெயரே ‘ஷார்ட்கட்’தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த தோட்டத்தில் மருந்து கொடுத்து ஊசி போடுகிற ஆஸ்பத்திரி டிரசரிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. தேங்காய் பர்பி நிறம். ஊசிக்குப் பயந்து அவரைக் கண்டால் ஓடுகிற நாங்கள், அவர் காரைக் கண்டால் மட்டும் அதன் பின்னால் ஓடுவோம். காரணம் அதன் கை. முன் கதவை ஒட்டிய தூணில் நெட்டுக்குத்தாக ஓர் இடுக்கு இருக்கும். கார் திரும்பப் போகும்போது அந்த இடுக்கிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை டக்கென்று வெளியே நீளும். உள்ளே விளக்கு எரியும். திரும்பி முடித்ததும் மடங்கி உள்ளே போய்விடும். இந்தக் காலத்து சிக்னல் விளக்குக்குப் பாட்டனார் அது. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்குகிற மாதிரி இருக்கும். நான் வகுப்பில் அதிகம் கை தூக்கியதில்லை. அதனாலோ என்னவோ, கை தூக்குகிற ஒரு கார் எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவு நிறைவேறியது தங்காக்கில். அக்கா மகள் தர்ஷினியின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போயிருந்தோம். ஒரே மாதிரி இருந்த இரண்டு மெரூன் பட்டுகளில் எது ‘கொஞ்சம் அதிக மெரூன்’ என்று அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நான் நழுவினேன். கடைகளுக்குப் பின்னால் ஒரு பட்டறை. அதன் வாசலில் லிம் என்ற சீனப் பெரியவர் ஒரு மோரிஸ் மைனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே தேங்காய் பர்பி நிறம். பிள்ளைகள் யாருக்கும் இது வேண்டாமாம், அதனால் விற்கப் போகிறாராம். உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உட்கார்ந்தேன். சுவிட்சைத் தட்டினேன். கை வெளியே வந்தது.

அவ்வளவுதான். விலை பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, ஒரு மரியாதைக்காக.

“எப்பவாவது கை வெளிய வரலேன்னா, தூணுல ஒரு தட்டு தட்டு. புரையேறுன ஆளு முதுகுல தட்டுற மாதிரி” என்று மலாயில் சொல்லிக் கொடுத்தார். நான் இந்த மாதிரிப் பேச்சுக்காகவே கார் வாங்குகிறவள்.

“சேலை எடுக்கப் போனா ஒண்ணுக்கு ரெண்டா எடுக்கிறவங்கள பாத்திருக்கேன். காடி எடுத்தவள இப்பதான் பாக்கிறேன்” என்றாள் அக்கா. என் வீட்டுக்காரர் குணா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஏர்கான் எங்க?”

“கண்ணாடிய இறக்குனா காத்து வரும்.”

“ரேடியோ?”

“அதான் நான் பேசிக்கிட்டே வரேன்ல.”

“ரெண்டு கதவுதான் இருக்கு. மிச்சம்?”

“அவ்ளோதாங்க காடி.”

(காருக்குக் கொடுத்த பணம் நாங்கள் புது வேனுக்குச் சேர்த்து வைத்தது. அதை இருவருமே சொல்லவில்லை.)

அந்தக் காரில் நான் அனுபவித்த சுகத்தை மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டிப் போனால் என் வயது குறைந்துகொண்டே வரும். பெட்ரோல் போடப் போனால் இன்னும் விசேஷம். பெரியவர் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து பானெட்டைத் தடவி, “எங்க அப்பாகிட்ட இதேதான் இருந்துச்சு” என்பார். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று வித்தியாசமே கிடையாது. அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்தக் காலத்து ஜோகூரில் வேறு காரே ஓடவில்லை.

தர்ஷினிக்கும் அந்தப் பித்து ஒட்டிக்கொண்டது. “எனக்குக் கல்யாணக் காடி சித்தியோட காடிதான்” என்றாள். அக்கா முதலில் முடியாது என்றாள், பிறகு நிபந்தனை போட்டாள். குளுவாங் கோயிலில் முகூர்த்தம். பெண் கார் முன்னால் போகும். மற்ற எல்லாரும் பின்னால். ஒருவரும் முந்தக் கூடாது, வேறு வழியில் போகக் கூடாது, நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது. அப்படிச் செய்தால் சகுனத் தடையாம். இதை அக்கா தன் கணவர் மணியம் மாமாவிடம் பலமுறை ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டாள். மாமா வாழ்க்கையில் அக்கா பேச்சை மீறியதில்லை. எங்கள் நாசத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கல்யாணக் காலையில் காருக்குப் பூசை. மாலை கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தாள். பானெட்டுக்கு ஒரு பொட்டு. கதவுக்கு ஒரு பொட்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

“அக்கா, இந்தத் தூணுக்கும் வையி. இதுதான் காடிக்கு உசுரு. கண்ணு படும், நல்லா அப்பி வையி.”

அக்கா அப்பினாள். அந்தப் பக்கத்துத் தூணுக்கும் அப்பினாள். நான் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் புறப்பட்டது. கனத்த பட்டுச்சேலையோடு பின் சீட்டுக்குள் நுழைய முடியாததால் தர்ஷினி முன்னால் என் பக்கத்தில். பின்னால் தாம்பாளங்களுக்கு நடுவே அக்கா. எங்களுக்குப் பின்னால் மாமா தன் காரில், அவருக்குப் பின்னால் சொந்தக்காரர்கள், கடைசியில் ஒரு வாடகை பஸ். அதில் என் வீட்டுக்காரர். கண்ணாடியில் அந்த வரிசையைப் பார்த்தபோது, டிரசர்கூட இப்படிப் போனதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் திருப்பத்தில் சுவிட்சைத் தட்டினேன். உள்ளே ஏதோ முனகியது. கை வரவில்லை. தூணில் தட்டினேன். குத்தினேன். சந்தனம் வெயிலில் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது.

“சித்தி, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லடா. சாமி குடுத்த கை ரெண்டு இருக்குல்ல? லெஃப்ட்டுக்கு நீ நீட்டு, ரைட்டுக்கு நான் நீட்டுறேன்.”

தர்ஷினி அதை மிகவும் ரசித்தாள் என்றே சொல்ல வேண்டும். மருதாணிக் கை, முழங்கை வரைக்கும் வளையல். அது வெளியே நீண்டபோது எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார். பின்னால் மாமாவும் புரிந்துகொண்டார். கை நீண்டால் திரும்பினார்.

பாதி வழியில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சந்திலிருந்து வந்து எங்களுக்கும் மாமாவுக்கும் நடுவே நுழைந்தது. சரியாக அந்த நேரத்தில் ரோட்டோரக் கடையில் தர்ஷினியின் பள்ளித்தோழி நிற்பது தெரிந்தது. “ஏய், யாமினி!” என்று தர்ஷினி கையை வெளியே நீட்டி ஆட்டினாள். நான் நேராகப் போனேன். கோயில் நேரே இருந்தது.

கோயில் வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தோம். லாரி போய்விட்டிருந்தது. அதற்குப் பின்னால் யாருமே இல்லை.

மேளம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தியோடு நின்றார்கள். எங்கள் பக்கம் பெண், பெண்ணின் அம்மா, நான். மூன்றே பேர். அக்கா மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

“எங்கங்க இருக்கீங்க?”

“உங்க பின்னாலதான் வந்துக்கிட்டிருக்கோம்.”

“நாங்க கோயில்ல நிக்கிறோம்!”

“அப்படியா? இங்க சுத்தி செம்பனைதான் தெரியுது.”

லாரிக்கு அந்தப் பக்கம் மாமா பார்த்தது நீட்டிய கையை மட்டும்தான். கை நீண்ட இடத்தில் இடது பக்கம் ஒரு தோட்டத்து மண் ரோடு. மாமா திரும்பினார். மாமாவைப் பார்த்து எல்லாரும் திரும்பினார்கள். கடைசியாகத் திரும்பிய பஸ், முதல் நாள் மழையில் ஊறிய மண்ணில் பின் சக்கரம் புதைந்து, வந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு கார்கூட வெளியே வர முடியாது.

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். “முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கும்மா, நிறைய இல்ல. அப்புறம் ராகு காலம். தாரை வார்க்கப் பொண்ணோட அப்பா வரணும்.”

மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்ல மனிதர், முன்னால் வந்தார். “வேணும்னா நான் உட்கார்ந்து கொடுத்துடுறேனே?”

“கொடுக்கிறதும் நீங்க, வாங்கிக்கிறதும் நீங்களா?” என்றாள் அக்கா. அந்த அவசரத்திலும் அவள் வாய் சரியாகவே இருந்தது.

தர்ஷினி அழவில்லை. என்னைப் பார்த்தாள். “சித்தி, அப்பா வராம நான் மணவறையில உட்கார மாட்டேன்.”

நான் காருக்கு ஓடினேன்.

மாலை போட்ட கல்யாணக் காரில் தனியாக, முழு வேகத்தில் (அதாவது மற்றவர்களின் சாதாரண வேகத்தில்) போனேன். வழியெல்லாம் ஜனங்கள் கையசைத்தார்கள். உள்ளே மணப்பெண்ணைத் தேடிவிட்டு என்னைப் பார்த்துக் குழம்பினார்கள். மண் ரோட்டு வாயிலில் பஸ்ஸின் பின்புறம் தெரிந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த கூட்டத்தில் குணா, பட்டுச்சட்டையில் சேறு.

“உன் காடியில ஏறாததே நல்லதுன்னு நெனச்சேன் லா” என்றார். மறுபடி பஸ்ஸுக்குத் தோள் கொடுத்தார்.

உள்ளே நின்ற காரிலிருந்து மாமா நடந்தே வந்துகொண்டிருந்தார். நடந்து என்பது தவறு. மாமா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டி வரைக்கும் செம்மண். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“ஏன் மாமா, காடி கண்ணுக்குத் தெரியலேன்னா நிக்க வேண்டியதுதானே?”

“நடுவுல நிக்கக் கூடாதுன்னு உங்கக்கா சொன்னாளேம்மா.”

“வழி தெரியாதவரா நீங்க? இது கோயிலுக்குப் போற வழியா?”

“நீ ஷார்ட்கட்ல கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சேன்.”

நான் காரைத் திருப்பி விரட்டினேன். பிறகு மாமா மெதுவாகக் கேட்டார்: “பாப்பா அழுதாளா?”

“இல்ல மாமா. நீங்க வந்தாத்தான் உட்காருவேன்னு நிக்கிறா.”

மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோயில் தெருத் திருப்பம் வந்தது. “கை மாமா, கை!” என்றேன். சேறு காய்ந்த கையை நன்றாக நீட்டினார்.

வாசலில் இறங்கி மாமா கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடினார். அந்த அறையில் காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் அணைக்க மறந்திருந்த சுவிட்சின் புண்ணியத்தில், ஆரஞ்சுக் கை டக்கென்று வெளியே வந்து நின்றது. அது காட்டிய பக்கம் செருப்பு விடும் இடம் இருந்தது.

தாரை வார்த்தாயிற்று. ராகு காலத்துக்கு முன்பே தாலியும் ஏறியது. எங்கள் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். கல்யாணப் படத்தில் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நெருக்கியடித்து நிற்பார்கள். எங்கள் பக்கம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் முட்டி வரைக்கும் செம்மண்ணோடு மாமா. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏதோ விவசாயக் குடும்பம் என்று நினைப்பார்கள். அந்தப் படத்தைத்தான் அக்கா யோங் பெங்கில் போனில் எடுத்துச் சுற்றுக்கு விட்டிருந்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாராவது உப்புக்குக் கை நீட்டினால், “லெஃப்ட்டா, ரைட்டா?” என்று ஒரு குரல் வரும்.

யோங் பெங்கில் அந்தப் படத்தைப் பார்த்து முடித்த சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரிதாங்க. ஆனா எங்க பொண்ணு அந்தக் காடியிலதான் வருவேங்குது.”

அக்கா என்னை முறைத்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பேச்சு முடிந்து வெளியே வந்தோம். மாமா தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவுக்காக நின்றார். அக்கா அவரைத் தாண்டி வந்து, என் மோரிஸ் மைனரின் முன் சீட்டில் ஏறி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னக்கா, இந்தக் காடி வேணாம்னு இப்பதானே சொன்ன?”

“அவங்களுக்குச் சொன்னேன். ஓட்டு.”

தெருமுனையில் இடது பக்கம் திரும்ப சுவிட்சைத் தட்டினேன். ஆரஞ்சுக் கை ஒழுங்காக வெளியே வந்தது. அக்கா திரும்பி அதை ஒரு பார்வை பார்த்தாள். பின்னால் வருகிற மாமாவையும் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கடைசி வரைக்கும் இறக்கிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே தன் கையையும் நீட்டினாள்.