பிரிவுபசார பேனர்

"எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு சார்."

"எல்லாமுமா?"

"ஆச்சரியக்குறி மட்டும் ஒழுங்கா இருக்கு."

தலைமை டிசைனர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதவி டிசைனரின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். ஆள் குடிவராத அடுக்குமாடி ஜன்னல்களைப் போல வெறுங்கட்டங்கள் வரிசையாக நின்றன.

மேனேஜர் தூரத்துக் கிளைக்கு மாற்றலாகிப் போகிறார். சாயங்காலம் பிரிவுபசார விழா. பேனரை வீட்டில் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்துகொண்டு வந்த தலைமை டிசைனர், அதில் போட்ட எழுத்துருவின் ஃபான்ட் கோப்பைக் கொண்டுவர மறந்துவிட்டார். விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலியாகும் நாற்காலி தனக்குத்தான் என்று அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மேனேஜர் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவு எடுத்தாயிற்று.

"இங்க இருக்கிற வேற ஃபான்ட் ஒண்ணைப் போடும்மா."

போட்டாள். கட்டங்கள் எழுத்துகளாயின. ஆனால் கொம்புகளெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. கால்கள் ஒரு பக்கம், புள்ளிகள் ஒரு பக்கம்.

"தள்ளும்மா, நான் பாக்கறேன்."

மவுஸைப் பிடுங்கி, மென்பொருளின் பத்தி அமைப்பில் தமிழுக்கான தேர்வைத் தேடிப் பிடித்தார். கொம்புகள் வீடு திரும்பின. கடைசி வரியைத்தான் காணோம். எழுத்துப் பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி: உள்ளே இடம் போதவில்லையாம்.

"எந்த வரி போச்சு?"

"'உங்கள் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது.' போனா போகட்டுமே சார், உங்களுக்கு நல்லதுதானே."

"குசும்பு."

எழுத்தைச் சிறிதாக்கினார். வரி வந்தது, மேனேஜர் பெயர் இரண்டாக உடைந்தது. பெட்டியை இழுத்தார். பெயர் ஒட்டியது, ஆனால் மேனேஜர் படத்திலிருந்த மீசைமேல் போய் உட்கார்ந்தது. இழுத்து, தள்ளி, ஒருவழியாக எல்லாம் அடங்கியபோது அவருக்கு இன்னொரு பயம் வந்தது.

"அச்சகத்துல இந்த ஃபான்ட்டும் இல்லைன்னா? எல்லாத்தையும் வடிவமா மாத்திடறேன். அப்புறம் எந்தக் கொம்பனாலயும் கலைக்க முடியாது."

"காப்பி ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க சார். வடிவமாக்கிட்டா அது எழுத்தே இல்ல, வெறும் படம். ஒரு புள்ளிகூடத் திருத்த முடியாது."

"இனி திருத்த என்னம்மா இருக்கு?"

மாற்றினார். அதே கோப்பின் மேலேயே சேமித்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து மேனேஜர் அறையைப் பார்த்தார். காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார் மனிதர். பாவம், பிரிய மனமில்லை போல.

கதவு திறந்தது. வெளியே வந்த வரவேற்பறை அக்கா நேராக இவர் மேஜைக்கு வந்து, திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அழகா இருக்கு சார். மேனேஜர் இங்கயேதான் இருக்கப் போறாராம், அந்தக் கிளைக்கு உங்களை அனுப்பறதா இப்பதான் முடிவாச்சாம். விழாவை நிறுத்த வேண்டாம், பேனர்ல பேரையும் படத்தையும் மட்டும் மாத்தித் தர முடியுமான்னு உங்களைக் கேட்டு வரச் சொன்னார்."